வேடிக்கைக்கு ஒரு குறி போடுங்கள்

யார் வேண்டுமானாலும் சொல்லைப் படைத்து, யார் வேண்டுமானாலும் பொருள் எழுதும் கொச்சைச்சொல் அகராதியின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் அகராதி நடக்கும் விதத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்த விளக்கத்துக்கு அதிக வாக்கோ அதுவே மேலே ஏறுகிறது. சிரிக்க வைப்பவருக்கு வாக்கு விழுகிறது. சரியாகச் சொன்னவர் அடியில் கிடக்கிறார்.

நான் மொழிபெயர்ப்பாளன். அண்மையில் நான் தமிழாக்கிய ஒரு நாவலில் ஓர் இளம்பெண் தன் பூனையை 'பே' (bae) என்று கொஞ்சுகிறாள். உங்கள் அகராதியில் தேடினேன். 'மற்ற எவருக்கும் முன்பாக' என்று பொருள்தரும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அது என்றது உச்சியில் இருந்த விளக்கம். அழகாக இருந்தது, நம்பினேன். அதோடு விட்டேனா? அடிக்குறிப்பு வேறு எழுதினேன்.

புத்தகம் வந்த பிறகு ஒரு வாசகர் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து அனுப்பினார். என் அடிக்குறிப்பின் கீழ் பென்சில் கோடு. ஓரத்தில், 'ஐயா, பேபி என்பதன் குறுக்கம்தானே இது?' அவ்வளவுதான். அவர் சொன்னதே சரி. 'பேபி', 'பேப்' என்பவை தேய்ந்து வந்த சொல் அது. முதலெழுத்துக் கதை பின்னால் யாரோ ஒட்டவைத்தது. சொல்லின் பொருளுக்குக் காரணம் சட்டென்று புலப்படாது என்று தொல்காப்பியம் எச்சரித்திருக்கிறது. எனக்கு மறந்துவிட்டது.

பதிப்பாளர் திட்டவில்லை. திருத்தச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தார். விற்காத பிரதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, 112ஆம் பக்கத்தைப் பிரித்து, ஓரத்தில் பசை தடவி, சீட்டு கோணாமல் ஒட்டி, எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் தாள் செருகி வைத்தேன். இரண்டு நாள். விரலில் பசை உரிந்துகொண்டிருந்தபோதுதான் இந்த மடல் எழுதத் தோன்றியது.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பதிவிலும் ஒரு குறி போடுங்கள்: இது மக்கள் வாயில் வழங்கும் சொல், இது எழுதியவரின் கற்பனை. வழங்கும் சொல் என்றால், அதை எழுதியவர் அல்லாத வேறொருவர் பயன்படுத்திய ஒரு வாக்கியமும் தேதியும் போதும்.

விளையாட்டுச் சொற்களுக்கு நான் எதிரி அல்லன். புத்தகத்தைப் புகழும் அட்டைக் குறிப்புக்குப் பதிப்புலகமே 'பிளர்ப்' என்கிறது. 1907இல் ஜெலட் பர்ஜஸ் தம் நூலின் கேலி மேலட்டை ஒன்றில், பெலிண்டா பிளர்ப் என்ற கற்பனைப் பெண்ணைக் கூவ வைத்ததில் பரவிய சொல் அது. கேலியாகப் பிறந்ததை யாரும் மறைக்கவில்லை.

பெரிய அகராதிகளும் சறுக்கியிருக்கின்றன என்பீர்கள். உண்மைதான். 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் அகராதியில் 'டோர்ட்' என்றொரு சொல் 'அடர்த்தி' என்ற பொருளோடு ஏறிவிட்டது. பெரிய 'டி' அல்லது சிறிய 'டி' ('D or d') அடர்த்தியைக் குறிக்கும் என்று எழுதிய சீட்டு, ஒரே சொல்லாகப் படிக்கப்பட்டு, சொற்களின் கட்டுக்குள் தவறிப்போய்ச் சேர்ந்ததால் வந்த வினை. 1939இல் கண்டுபிடித்தார்கள், பின்னர் நீக்கினார்கள். அங்கே தவறைத் தேட ஓர் ஆள் இருந்தார். உங்களிடம் அந்த நாற்காலியே இல்லை.

வேண்டுமென்றே பொய்ச்சொல் நுழைத்தவர்களும் உண்டு. 2001இல் வந்த நியூ ஆக்ஸ்ஃபர்டு அமெரிக்க அகராதியில், திருடிப் பதிப்பவர்களைப் பிடிப்பதற்காக 'எஸ்குவிவேலியன்ஸ்' என்ற சொல்லைப் புனைந்து வைத்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த பொருள்: அலுவல் பொறுப்பை வேண்டுமென்றே தட்டிக்கழித்தல். புனைந்த சொல்லானாலும் ஆசிரியர் குழு ஒன்றுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

மன்னிக்கவும், வந்த காரியத்தை விட்டுவிட்டேன். அந்தக் குறி வேண்டும். சிரிப்பு சிரிப்பாகவே இருக்கட்டும், வாக்கும் விழட்டும், மேலேயும் ஏறட்டும். பக்கத்தில் 'கற்பனை' என்ற ஒரு சொல் மட்டும் போடுங்கள். உங்களுக்கு அது ஒரு நாள் வேலை. தயவுசெய்து செய்யுங்கள்.

விற்றுப்போன பிரதிகளுக்குச் சீட்டு ஒட்ட வழியில்லை. அவற்றில் அந்தப் பூனை இன்னும் மற்ற எவருக்கும் முன்பாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

பணிவுடன்,
ஒரு மொழிபெயர்ப்பாளன்