தோள்வலியும் நோட்டுக்கட்டும்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

எனக்கு வலது தோள் இறுகிப்போய்விட்டது. சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் உயிர் போகிறது. சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வருமாம். பிசியோதெரபிக்குப் போகிறேன். அங்கே ஒரு பொடியன் என் கையைச் சுவரோடு ஏற்றிவிட்டு, "இன்னும் கொஞ்சம் சார்" என்றே உயிரை எடுக்கிறான். கத்தினால், "மனசுக்குப் பிடிச்சவங்களை நினைச்சுக்குங்க சார்" என்று உபதேசம் வேறு.

அதில் சங்கதி இருக்கிறதப்பா. 2010-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் காதலில் விழுந்த 15 பேரின் உள்ளங்கையில் வலிக்கிற அளவு சூடு படவைத்து, காதலியின் அல்லது காதலனின் படத்தைக் காட்டினார்கள். வலி நன்றாகவே குறைந்தது. தெரிந்த இன்னொருவரின் படம், அதே அளவு லட்சணமாக இருந்தும் எடுபடவில்லை. காதல் படத்தைப் பார்க்கும்போது மூளையில் வேலை செய்தவை, காசு ஜெயித்தால் கிளுகிளுக்கும் அதே பகுதிகளாம்! ஆனால் எல்லோரும் காதலித்து ஒன்பது மாதம் தாண்டாதவர்கள். நமக்கு எப்படிச் செல்லுபடியாகும்? "உன் போட்டோவை எடுத்துப் போகவா?" என்று வீட்டில் கேட்டேன். "ஆதார் கார்டுல இருக்கிறதை எடுத்துப் போங்க. பயத்துல வலி தெரியாது" என்றாள்.

பணத்துக்கும் சோதனை உண்டு. சீனாவில் மாணவர்களை நோட்டு எண்ணவிட்டுச் சுடுநீரில் விரலை வைக்கச் சொன்னார்கள். வெறும் காகிதத்தை எண்ணியவர்களைவிட அவர்களுக்கு வலி குறைவு. போன மாதச் செலவை எழுதவைத்தால் வலி கூடியதாம். இந்த மாதிரி சோதனையைத் திரும்பச் செய்தால் அதே விடை வருமா என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. எனக்குச் சந்தேகமே இல்லை. நம் பொடியன் பில்லை முதலில் நீட்டிவிட்டுத்தான் கையைத் தொடுகிறான்.

இதையெல்லாம் படித்தபோது நெட்டையன்தான் ஞாபகத்துக்கு வந்தான். இடுப்பு வலிக்குப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு லாரி ஓட்டுகிறான். போனில் பேசும்போதே முனகுகிறான். கேட்டால், "தவணை முடியட்டும்டா" என்கிறான். எண்ணிப் பார்க்க நோட்டு ஏது அவனிடம்? வலி குறைந்திருக்கும் என்று தோன்றவில்லை. சொல்லாமல் இருக்கிறான், அவ்வளவுதான். இப்போது இடது கால் மரத்துப்போகிறதாம். அது நரம்புச் சமாசாரம், விளையாட்டில்லை.

நீதான் பக்கத்தில் இருக்கிறாய். இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடு. செலவு என்னுடையது. நான் கொடுத்தேன் என்று தெரிந்தால் வரமாட்டான். உன் மச்சினன் சொல்லி இலவசமாகப் பார்க்கிறார்கள் என்று ஏதாவது புளுகிவிடு. புளுகு உனக்குப் புதிதா என்ன?

உன்,
சொத்தை