ஊர்பேர் தெரியாத அணிகளா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். ஐரோப்பிய உதைபந்தாட்டக் கழகங்கள் மோதும் 2025–26 சம்பியன்ஸ் லீக் தொடங்குவதை முன்னிட்டு கடந்த வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியாகியிருந்தது. அதில் ஒரு வரி: "தகுதிகாண் சுற்றுக்களின் வழியாக ஊர்பேர் தெரியாத சில அணிகளும் இம்முறை உள்ளே வந்துவிட்டன." ரியல் மட்ரிட்டுக்கும் லிவர்பூலுக்கும் பத்தி பத்தியாக எழுதியவர், இந்த அணிகளுக்கு ஒதுக்கியது அந்த ஒரு வரிதான். நான் அதை வாசித்தது நோர்வேயின் போடோ நகரில். உங்கள் கட்டுரையாளருக்குத் தெரியாத ஊர்களில் இதுவும் ஒன்று. என் பிள்ளைகள் பிறந்து வளர்ந்ததும் இங்கேதான்.

அந்த அணிகள் எவை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. போடோ/கிளிம்ட், கசகஸ்தானின் கைராட், சைப்பிரஸின் பாபோஸ், அசர்பைஜானின் கராபாக், டென்மார்க்கின் கோபன்ஹேகன். ஐந்தும் தத்தமது நாட்டின் சம்பியன்கள். போட்டியின் பெயரே சம்பியன்ஸ் லீக் என்றிருக்க, இங்கிலாந்தில் ஐந்தாம் இடத்துக்கு வந்த நியூகாசிலும் ஸ்பெயினில் ஐந்தாம் இடத்துக்கு வந்த வில்லாரியலும் எந்தத் தகுதிகாண் ஆட்டமும் ஆடாமல் நேரே உள்ளே போய்விட்டன. கைராட்டோ ஜூலை முதல் வாரங்களிலேயே களமிறங்கி, ஒவ்வோர் எதிரணியோடும் சொந்த ஊரிலும் வெளியூரிலுமாக இரண்டு ஆட்டம் வீதம் எட்டு ஆட்டங்கள் ஆடித்தான் அதே இடத்துக்கு வந்தது. ஸ்லோவேனியா, பின்லாந்து, ஸ்லோவாக்கியா, ஸ்கொட்லாந்து என்று நான்கு நாட்டுச் சம்பியன்களை வென்றது. பின்லாந்தில் இரண்டு கோலால் தோற்று, சொந்த மைதானத்தில் மூன்று கோல் போட்டுத் தப்பியது. கடைசிச் சுற்றில் செல்டிக். 1967இல், சம்பியன்ஸ் லீக்கின் முந்திய பெயரான ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற முதல் பிரித்தானியக் கழகம் அது. செல்டிக்கின் ஊரான கிளாஸ்கோவில் கோல் இல்லை, கைராட்டின் ஊரான அல்மாட்டியில் மேலதிக நேரம் ஆடியும் கோல் இல்லை. பெனால்டியில் அனார்பெகோவ் என்ற 21 வயதுப் பந்துக் காப்பாளர் மூன்று உதைகளைத் தடுத்தார். ஓகஸ்ட் 26ஆம் திகதி நடந்த இந்த ஆட்டத்தைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு சொல் வரவில்லை. அந்த வாரம் இங்கிலாந்துக் கழகம் ஒன்று எந்த வீரரை வாங்கக்கூடும் என்ற ஊகத்துக்கு அரைப்பக்கம் போயிருந்தது.

எங்கள் ஊர்க் கதையையும் சொல்ல வேண்டும். நான் நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே மீன் ஆலையில் வேலை. பிறகு போடோவுக்கு மாறினேன். துருவ வட்டத்துக்கும் வடக்கே கிடக்கும் கடற்கரை நகரம் இது. இங்குள்ள அஸ்ப்மீரா மைதானம் ஏறக்குறைய எண்ணாயிரம் பேருக்குத்தான் இடம் கொடுக்கும். பனிக்காலத்தில் இயற்கைப் புல் தாங்காது என்பதால் செயற்கைப் புற்றரை. 2020 வரை இந்தக் கழகம் நோர்வேச் சம்பியனாகக்கூட ஆனதில்லை. அதன்பின் நான்கு முறை ஆகிவிட்டது. ஆனால் சம்பியன்ஸ் லீக்கின் வாசலில் நின்று திரும்பிய வேதனையை நாங்கள்தான் அறிவோம். 2022இல் குரோஷியாவின் டினாமோ சாக்ரெப்பை இங்கே 1–0 என்று வென்றுவிட்டு, சாக்ரெப்பில் மேலதிக நேரத்தில் 4–1 என்று தோற்றோம். 2024இல் செர்பியாவின் ரெட் ஸ்டாரை இங்கே 2–1 என்று வென்றும் பெல்கிரேட்டில் இரண்டு கோல் வாங்கி வெளியேறினோம். அன்றிரவு என் மகன் சாப்பிடவில்லை.

இந்த 2025 ஓகஸ்ட் 20ஆம் திகதி ஒஸ்ரியச் சம்பியன் ஸ்ரூம் கிராஸ் இங்கே வந்தது. நானும் பிள்ளைகளும் மைதானத்தில் இருந்தோம். கிளிம்ட் ஆதரவாளர்கள் மனித உயரத்துக்கு மஞ்சள் நிறப் பற்தூரிகைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எழுபதுகளிலிருந்து வரும் வழக்கம் அது. எனக்கு முன்வரிசையில் இருந்த முதியவரின் பற்தூரிகையில் வர்ணம் உரிந்து உள்ளேயிருந்த மரம் தெரிந்தது. ஐந்தாவது கோல் விழுந்தபோது அவர் அதைத் தூக்கவில்லை. கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். 5–0. கிராஸில் 2–1 என்று தோற்றாலும் இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல் கணக்கில் உள்ளே போய்விட்டோம். 2007இல் ரோசன்போர்க் போனதற்குப் பிறகு ஒரு நோர்வேக் கழகம் அங்கே போவது இதுதான் முதல் தடவை. இனி மான்செஸ்டர் சிட்டியும் ஜுவெண்டஸும் ரொட்டன்ஹாமும் மொனாக்கோவும் இந்தக் காற்றடிக்கிற ஊருக்கு வந்து ஆட வேண்டும். இதையெல்லாம் நீங்கள் "உள்ளே வந்துவிட்டன" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.

இது முதல் முறையும் அல்ல. 2021இல் இதே கிளிம்ட் மொரினியோ பயிற்றுவித்த இத்தாலியின் ரோமா அணியை 6–1 என்று அடித்தபோது, உங்கள் பத்திரிகை போடோவை சுவீடன் நகரம் என்று எழுதியது. திருத்தம் கேட்டு எழுதினேன், வரவில்லை. அதே ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி மொல்டோவாவின் ஷெரீப் அணி ரியல் மட்ரிட்டை அவர்களுடைய மைதானத்திலேயே 2–1 என்று வென்றது. முதலாம் தகுதிகாண் சுற்றிலிருந்து ஆடி, ரெட் ஸ்டாரையும் டினாமோ சாக்ரெப்பையும் வெளியேற்றிவிட்டு வந்த அணி. கடைசி நிமிடங்களில் வெற்றிக் கோலை அடித்தவர் லக்சம்பேர்க்கைச் சேர்ந்த தில். நீங்கள் போட்ட படத்தில் இருந்ததோ தலைகுனிந்து நின்ற மட்ரிட் வீரர் ஒருவர். வென்றவரின் முகத்தை உங்கள் வாசகர் பார்க்கவேயில்லை. 2023இல் பரோ தீவுகளின் கிளாக்ஸ்விக், ஐயாயிரம் பேரளவில் வாழும் மீன்பிடி ஊர், புடாபெஸ்ட் போய் ஹங்கேரியின் பெரென்க்வாரோஸை 3–0 என்று வென்றது. அந்த அணியில் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள் இருந்தார்கள். மீன் ஆலையில் நின்று கால் மரத்தவன் என்ற முறையில், அந்தச் செய்தியை என் தாய்மொழியில் வாசிக்க ஆசைப்பட்டேன். அதுவும் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது கராபாக்கை நீங்கள் இந்த வரியில் சேர்த்ததுதான். அந்தக் கழகத்தின் ஊர் அக்டாம். 1993இல் போரில் அந்த ஊர் விழுந்து சனம் முழுவதும் வெளியேறியது. அவர்களுடைய மைதானம் அழிந்தது. கழகம் தலைநகர் பாகுவுக்கு இடம்பெயர்ந்து, பிறந்த மண்ணின் பெயரை விடாமல் இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கிறது. நான் வலிகாமம் வடக்கில் பிறந்தவன். 1990இல் எங்கள் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டபோது எங்கள் விளையாட்டுக் கழகமும் எங்களோடுதான் வந்தது. மைதானம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. நலன்புரி முகாமில் இருந்த பொடியள், வேறொரு ஊர்க்காரர் இரங்கி விட்ட வெளியில், எங்கள் ஊர்ப்பெயர் பொறித்த சட்டையோடு ஆடினார்கள். போகவே முடியாத ஊருக்கு உயிர் இருந்தது அந்தச் சட்டையில் மட்டும்தான். அக்காலத்தில் ஒரு சுற்றுப்போட்டியில் எங்கள் கழகத்தை, "உங்களுக்கு ஊர் இல்லை, தகுதிகாண் ஆட்டம் ஆடிவிட்டு வாருங்கள்" என்று தனியாகப் பிரித்து விட்டார்கள். ஆடி வென்றுதான் உள்ளே போனோம். அதனால்தான் அந்த வரி என்னை இப்படிச் சுடுகிறது.

அந்தக் கராபாக்தான் கட்டுரை வந்த அதே வாரம் லிஸ்பனில் பென்பிகாவுக்கு எதிராக இரண்டு கோல் பின்தங்கியிருந்து 3–2 என்று வென்றது. மறுநாள் கிளிம்ட்டும் பிராக் நகரில் இரண்டு கோல் பின்தங்கியிருந்து 2–2 என்று சமன் செய்தது. உங்கள் தலைப்பு: "பென்பிகாவுக்கு அதிர்ச்சித் தோல்வி."

பெரிய கழகங்களை நான் குறைசொல்லவில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியத்தினர். 1955இல் ஐரோப்பியக் கிண்ணமாகத் தொடங்கிய இந்தப் போட்டி சம்பியன்களின் கிண்ணமாகத்தான் வளர்ந்தது. 1986இல் புக்காரெஸ்டின் ஸ்ரேவாவும் 1991இல் ரெட் ஸ்டாரும் அதை வென்றார்கள். இன்று அந்த நாடுகளின் சம்பியன்கள் ஜூலை, ஓகஸ்ட் வெயிலில் தகுதிகாண் ஆட்டம் ஆடி, 36 அணிகளின் பட்டியலில் தங்களுக்கென்று விட்ட ஐந்து இடங்களுக்கு அடிபட வேண்டியிருக்கிறது. உள்ளே போனாலே ஒரு கோடியே 86 இலட்சம் யூரோ. ஒரு பெனால்டி உதை தவறினால் அது இல்லை. சிறிய கழகம் ஒன்றுக்கு அந்தப் பணம் பல ஆண்டுச் செலவு. இப்படி ஒரு பதற்றம் இறுதியாட்டத்தில்கூட இருக்காது என்பது என் அபிப்பிராயம். இதை உங்கள் விளையாட்டுப் பக்கம் வேறு எவரையும் விட நன்றாக எழுதக்கூடியது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்துக் கிராமக் கழகங்களின் ஆட்டங்களை, கோல் அடித்தவரின் பெயரோடு நீங்கள் வெளியிட்டதை நாங்கள் வெட்டி ஒட்டி வைத்திருந்தோம்.

என் வேண்டுகோள் பெரிதல்ல. அடுத்த ஜூலையில் முதலாம் தகுதிகாண் சுற்றுத் தொடங்கும்போது, வாரம் ஒருமுறை முடிவுகளை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். கழகத்தின் பெயர், ஊர், நாடு, கோல் கணக்கு. ஆறு அங்குல இடம் போதும். பிழை பார்க்க ஆள் வேண்டுமென்றால் சம்பளமில்லாமல் நான் செய்து தருவேன். போடோ நோர்வேயில் இருக்கிறது என்ற நான்கு வருடத்துக்கு முந்திய திருத்தத்தையும் வசதிப்பட்டால் அடுத்த இதழில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகாலச் சந்தாதாரர்,
போடோ, நோர்வே.