மலையிலிருந்து மாதம் இரண்டு வேன்: நன்கொடை வேண்டுகோள்

சேலம் நகரத்து நண்பர்களுக்கும் ஏற்காட்டு எஸ்டேட்காரர்களுக்கும் வணக்கம்.

எங்கள் சேவைச் சங்கம் கண் முகாமும் ரத்ததான முகாமும் நடத்திப் பழகியது. கண் முகாம் என்றால் பரிசோதனை, ஆபரேஷன், கண்ணாடி, அதோடு வேலை முடிந்தது. இந்த வருடம் மனநலத்தைக் கையில் எடுப்பதென்று தீர்மானம் போட்டதும் பேரணி, கருத்தரங்கு, அக்டோபர் 10 உலக மனநல நாள் விழா என்று வழக்கமான யோசனைகள் வந்தன. முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வோம், அப்புறம் முடிவு செய்வோம் என்று வாராந்திரக் கூட்டத்துக்கு ஒரு மனநல மருத்துவரையும், கிராம சுகாதார செவிலியர்களையும், நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சில குடும்பத்தாரையும் அழைத்தோம். பேரணி யோசனையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

மனச்சோர்வு உள்ளவர்கள் பெரும்பாலும் 'மனசு சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை என்றார் மருத்துவர். தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, அசதி, தூக்கம் வரவில்லை என்றுதான் வருவார்களாம். ஈசிஜி, ஸ்கேன், இரண்டு பாட்டில் குளுக்கோஸ், கடைசியில் 'ஒன்றுமில்லை, போய் வாங்க.' செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளிலும் அம்மாப்பேட்டை தறிவீடுகளிலும் இப்படி அலைகிறவர்களை எங்களுக்கே தெரியும். பெங்களூரிலுள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை எடுக்கவில்லை.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரைக்குக் காசு வாங்குவதில்லை. போனில் பேச வேண்டும் என்றால் 14416 என்ற இலவச எண் இருக்கிறது. பிறகு நம்மிடம் எதற்குப் பணம் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

நாகலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா சொன்னதை அப்படியே தருகிறோம். மகனுக்கு மனச்சிதைவு நோய். மாதம் ஒருமுறை விடியற்காலையில் அவனை எழுப்பி, முகம் கழுவிவிட்டு, ஏற்காடு வந்து சேலம் பஸ் பிடிக்கிறார். 20 கொண்டை ஊசி வளைவு. மாத்திரை மயக்கத்தில் அவனுக்குக் குமட்டும், அதனால் மடியில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கவர். அவன் தனக்குத்தானே பேச ஆரம்பித்தால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மாத்திரைக்கு இன்னொரு வரிசை. வீடு திரும்ப இருட்டிவிடும். எஸ்டேட்டில் அன்றைய கூலி போச்சு. இதை மாதம் தவறாமல் வருடக்கணக்கில் செய்ய வேண்டும். காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் இரண்டு மாதம் விட்டுப்போனது. மகனும் நன்றாகத்தான் இருந்தான், மாத்திரை எதற்கு என்று தோன்றியதாம். விட்ட கொஞ்ச நாளில் அவன் தூங்காமல் காட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டான்.

இந்த நோயில் சுகமாக இருப்பதே மாத்திரையால்தான், சுகமானதும் நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வந்துவிடும் என்று மருத்துவர் விளக்கினார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இதை ஒப்புக்கொள்கிற நாம் மனசுக்கு மட்டும் ஏனோ ஒப்புக்கொள்வதில்லை.

பூசாரியிடம் போவதைப் பற்றியும் பேச்சு வந்தது. காத்துக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டுவதை நாங்கள் கேலி செய்யப்போவதில்லை. ஏர்வாடி தர்காவிலேயே இன்று பிரார்த்தனையோடு மருந்தும் தருகிறார்கள். அதே ஏர்வாடியில்தான் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். சங்கிலியிடுவதை 2017 மனநலச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. கயிறு இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும் என்று பூசாரிகளிடமே போய்ப் பேசுவதாக இருக்கிறோம்.

திட்டம் சின்னதுதான். நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை பகுதிகளிலிருந்து மாதம் இரண்டு நடை வேன். நடைக்கு ஆறு குடும்பம், ஆக 12 குடும்பம். வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, மதியச் சாப்பாடு சேர்த்து ஒரு நடைக்கு 7,000 ரூபாய். கூட வருகிறவருக்கு அன்றைய கூலியாக 500 ரூபாய். வருடத்துக்கு வேன் 1,68,000, கூலி 72,000. ஊருக்கு இரண்டு பேருக்குப் பயிற்சி தர 30,000, நடுராத்திரி அவசரத்துக்கு 30,000. மொத்தம் 3 லட்சம். உறுப்பினர்கள் 1,10,000 போட்டுவிட்டோம். மீதி 1,90,000 உங்களிடம் கேட்கிறோம்.

கூலிப் பணம்தான் சங்கத்துக்குள் பெரிய சண்டையைக் கிளப்பியது. 'ஆஸ்பத்திரிக்குப் போக நாம் சம்பளம் தருவதா?' என்றார் ஒரு மூத்த உறுப்பினர். அந்த அம்மா பேசி முடித்த பிறகு முதல் 5,000 ரூபாயை எழுதியவரும் அவர்தான்.

வேனில் எங்கள் சங்கப் பெயரோ உங்கள் பெயரோ இருக்காது. 'மனநல வேன்' என்று எழுதி வைத்தால் அதில் ஊரில் யார் ஏறுவார்கள்? பயனாளிகளோடு போட்டோ எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இங்கே கிடையாது. நன்கொடையாளர் பெயர்கள் சங்க ஆண்டறிக்கையில் வரும், வேண்டாம் என்றால் அதுவும் இல்லை.

பிறந்தநாள், கல்யாணநாள் என்று ஒரு நடையை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். 500 ரூபாயும் எங்களுக்குப் பெரிய தொகைதான். செக்காகவோ சங்கக் கணக்கிலோ செலுத்தலாம், ரொக்கம் என்றால் வாராந்திரக் கூட்டத்தில் பொருளாளரிடம் தந்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 80ஜி வரிச்சலுகை எங்களிடம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

பணம் தர இயலாத எஸ்டேட்காரர்கள் வேன் வரும் நாளில் உங்கள் ஆட்களுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள், எங்கள் கூலிக் கணக்கு அந்த அளவுக்குக் குறையும். ஓய்வுபெற்ற செவிலியர்கள் யாராவது வேனில் துணைக்கு வந்தால் இன்னும் நல்லது.

மார்கழி, தையில் பழம் பறிப்பு மும்முரமாகிவிடும், மாத்திரை விட்டுப்போவதும் அப்போதுதான் அதிகம். ஐப்பசிக் கடைசிக்குள் பணம் சேர்ந்தால் கார்த்திகை முதல் வாரம் முதல் வேனைக் கிளப்பிவிடுவோம்.

மனநலத் திட்டக் குழு
சேலம்