மிளகளவு பூமி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் ஏறவே ஏறாதே. துணி காயப்போட உன் மகன் போகட்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு ஒருவழியாக மாற்றல் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் ஊரோடு வந்துவிடுவாள்.

பேத்தியோடு உட்கார்ந்து பார்த்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வீடியோவை நானும் தேடிப் பார்த்தேன். நிலா, பூமி, வியாழன், சூரியன் என்று உருண்டைகள் ஒன்றைவிட ஒன்று பெரிதாக வந்துகொண்டே இருக்க, கடைசியில் சூரியனே புள்ளியாகிவிடுகிறது. "நாமெல்லாம் எந்த மூலைக்கு என்று ஆகிவிட்டது" என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை, வசந்தா. அதில் அகலம் மட்டும்தான் தெரிகிறது. எது எவ்வளவு கனம், ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்பதெல்லாம் விடுபட்டுப் போகிறது. பேத்திக்கு அதையும் சொல்லிவிடு.

முதலில் தூரம். அரை சென்டிமீட்டர் மிளகு ஒன்றை அவள் கையில் கொடுத்து, இதுதான் பூமி என்று சொல். அந்தக் கணக்குக்கு நிலா ஒரு சின்னக் கடுகு, 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். சூரியன் 55 செ.மீ. அகலமுள்ள பந்து, அது இருக்க வேண்டிய இடம் 59 மீட்டர் தள்ளி. ஐந்தரை செ.மீ. வியாழனைச் சூரியனிலிருந்து 300 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைக்க வேண்டும். அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரிக்கு இடம் தேடினால் 15,000 கி.மீ.க்கு மேல் போக வேண்டியிருக்கும். நிஜமான பூமியின் விட்டமே 12,742 கி.மீ.தான்! எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டும் எந்தப் படத்திலும் இந்த வெறுமை வராது.

அடுத்தது கனம். வியாழனின் நிலா கனிமீட் 5,268 கி.மீ. அகலம். புதன் கிரகம் 4,879தான். ஒரு நிலா ஒரு கிரகத்தைவிடப் பெரிது என்று கேட்டால் பேத்தி குதிப்பாள். ஆனால் புதனின் எடை கனிமீடைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். புதனுக்குள் பெரும்பகுதி இரும்பு. கனிமீடில் ஏறக்குறைய பாதி பனிக்கட்டி.

அந்த 5,268ஐ அளந்த கதையில் நம் கவலூர் வானாய்வகத்துக்கும் பங்கு உண்டு. 1972 ஜூன் 7 அன்று கனிமீட் ஒரு மங்கலான விண்மீனை மறைத்துக்கொண்டு கடந்தது. விண்மீன் எத்தனை விநாடி மறைகிறது என்று பார்த்தால், மறைத்த பொருளின் அகலம் கணக்கில் வந்துவிடும். ஜவ்வாது மலைக் கவலூரில் அப்போதுதான் நிறுவியிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியிலும், இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் லெம்பாங்கிலும் அந்த மறைப்பைப் பதிவு செய்தார்கள். இரண்டையும் சேர்த்துக் கிடைத்த விடை சுமார் 5,270 கி.மீ. விண்கலம் எதுவும் கனிமீடைக் கிட்டப் போய்ப் பார்க்காத காலம் அது! சனியின் நிலா டைட்டன்தான் எல்லா நிலாக்களிலும் பெரிது என்று அன்றைக்கு நினைத்திருந்தார்கள். 1980 நவம்பரில் வாயேஜர் 1 நெருங்கியபோதுதான், அதுவரை அளந்ததில் அதன் தடித்த காற்று மண்டலமும் சேர்ந்திருந்தது தெரிந்தது. தரை மட்டும் எடுத்தால் டைட்டன் 5,150 கி.மீ., கனிமீடுக்கு அடுத்த இடம்.

எனக்கு இதைவிட ஆச்சரியம் வியாழன்தான். அதன் எடை 318 பூமி, சனியின் எடை 95 பூமி. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தும் அகலத்தில் வியாழன் கொஞ்சம்தான் கூடுதல். மேலும் மேலும் வாயுவைக் கொட்டினாலும் அது பெரிதாகப் பருக்காது. தன் ஈர்ப்பிலேயே இறுகிக்கொள்ளும். டிராப்பிஸ்ட்-1 என்ற சின்னஞ்சிறு சிவப்புக் குள்ள விண்மீன் வியாழனைவிட ஆறில் ஒரு பங்குதான் அகலம் அதிகம், எடையோ 90 மடங்குக்கும் மேல். பூமியை ஒத்த அளவில் ஏழு கிரகங்கள் அதைச் சுற்றுகின்றன.

இனி, வீடியோவில் உன்னைப் பயமுறுத்திய திருவாதிரை விண்மீன் (ஆங்கிலத்தில் பெட்டல்ஜூஸ்). 1920 டிசம்பரில் மைக்கெல்சன், பீஸ் என்ற இரு விஞ்ஞானிகள் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் 6 மீட்டர் நீள உத்தரத்தில் கண்ணாடிகளைப் பொருத்தி அளந்தார்கள்; சூரியன் அல்லாத ஒரு விண்மீனின் அகலத்தை நேரடியாக அளந்தது அதுவே முதல் முறை. இன்றைய கணக்கில் சூரியனைப்போல் 600 முதல் 800 மடங்கு அகலம். அதன் தூரமே இன்னும் சரியாகப் பிடிபடாததால் இந்த இழுபறி. நம் மிளகுக் கணக்கில் 400 மீட்டருக்குப் பக்கம் வரும். ஆனால் எடை இருபது சூரியன்கூடத் தேறாது. அவ்வளவு கொஞ்சம் பொருள் அவ்வளவு பெரிய இடத்தில் பரவினால் என்ன ஆகும்? சராசரியில் நாம் சுவாசிக்கும் காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லியது. வீடியோவில் காட்டுகிற மாதிரி கெட்டியான பந்தும் இல்லை, தீர்க்கமான விளிம்பும் இல்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்று. இரவு வானில் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸுக்குத் துணையாக ஒரு வெள்ளைக் குள்ளன், அதாவது எரிந்து முடிந்த விண்மீனின் இறுகிய மிச்சம், இருக்கிறது: பூமியின் அகலம், சூரியனின் எடை. வெள்ளைக் குள்ளன்களில் எடை கூடக் கூட உருவம் சிறுக்கும். அந்தச் சிறுத்தலுக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் தாங்காது என்று 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது கணக்குப் போட்டார் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். அப்போது அவருக்கு 19 வயது. அந்த எல்லை ஏறத்தாழ சூரியனைப்போல் 1.4 மடங்கு எடை. நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. பேத்தியிடம் இதை மட்டும் விட்டுவிடாமல் சொல்.

தை, மாசி மாலைகளில் திருவாதிரையும் சிரியஸும் ஒரே நேரத்தில் தெரியும். மாடிக்குப் போக வேண்டாம், வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டே காட்டலாம். உனக்குக் கால் சரியானதும் அவளையும் கூட்டிக்கொண்டு நாம் மூவரும் கவலூர் போய் வரலாமா? வாணியம்பாடி வரை ரயில், அங்கிருந்து ஆலங்காயம் வழியாக மலைக்குக் கார் வைத்துக்கொள்ளலாம். எந்த மாதம் தோதுப்படும் என்று எழுது. கால் பயிற்சியை ஒருநாளும் விடாதே.

அன்புடன்,
கமலா