உசான் தீவு எங்கே இருந்தது?

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் தென்கொரியாவில் உல்சான் கப்பல் கட்டும் தளத்தில் நிலைத்துவிட்டான். இப்போதெல்லாம் கிம்ச்சி இல்லாமல் சோறு இறங்குவதில்லையாம். அவன் அம்மாவுக்கு அதுதான் கவலை.

அவன் ஒரு பழைய வரைபடத்தின் படம் அனுப்பியிருந்தான். வேலைக்காலம் முழுக்க நிலம் அளந்தவன் நீ, உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவது? பெயர் பல்டோ சோங்டோ, எட்டு மாகாணங்களின் முழுப்படம். அப்போது கொரியாவை ஆண்ட ஜோசொன் அரசு 1530-இல் விரிவாக்கி வெளியிட்ட நிலவியல் நூலில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது. கொரியாவை மேலிருந்து அமுக்கியதுபோல் குட்டையாக இருக்கிறது. ஸ்கேல் எங்கே என்று கேட்பாய். கிடையாது. அரசு வழிபாடு நடத்திய மலைகளும் ஆறுகளும் எங்கெங்கே என்று காட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. கிழக்குக் கடலில் இரண்டு தீவுகள், கிட்டத்தட்ட ஒரே அளவில். வெளியே உல்லுங்டோ (டோ என்றால் தீவு). அதற்கும் கரைக்கும் நடுவே உசான்டோ.

வம்பெல்லாம் இந்த உசானில்தான். அது எங்கள் டோக்டோ என்கிறது தென்கொரியா. அந்த இடத்தையே தக்கேஷிமா என்று சொல்லி உரிமை கோருகிறது ஜப்பான். மொத்தப் பரப்பு உன் கணக்கில் சுமார் 46 ஏக்கர், முழுக்கப் பாறை. இன்று கொரியப் போலீஸ் அங்கே காவல் இருக்கிறது. ஆனால் டோக்டோ இருப்பது உல்லுங்டோவுக்குத் தென்கிழக்கே 87 கிலோமீட்டரில். படத்தில் உசான் மேற்கே நிற்கிறது! திசையும் தப்பு, அளவும் தப்பு, பிறகு எப்படி இது அந்தத் தீவாகும் என்று ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் கேட்கிறது.

கொரியர்கள் விடுவதாக இல்லை. 1454-இல் தொகுத்த அரசுப் பதிவு ஒன்று, இரண்டு தீவுகளும் அதிகத் தொலைவில்லை, வானம் தெளிந்த நாளில் ஒன்றிலிருந்து மற்றது தெரியும் என்கிறது. உல்லுங்டோவை ஒட்டி இரண்டு கிலோமீட்டரில் ஜுக்டோ என்ற குட்டித் தீவு உண்டு. உசான் அதுவாக இருந்தால் தெளிந்த வானம் எதற்கு, தூறலிலேயே தெரியுமே என்பது அவர்கள் வாதம். எனக்கு இது பிடித்திருக்கிறது. அதே சமயம், 1711-இல் உல்லுங்டோவைப் பார்வையிடப் போன அதிகாரியின் படத்தில் உசான் கிழக்குக் கரையை ஒட்டியே இருக்கிறது, மூங்கில் காடு என்ற குறிப்போடு. டோக்டோப் பாறையில் மூங்கில் ஏது? ஜப்பான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் தேடினால், 15-ஆம் நூற்றாண்டில் அரசே உல்லுங்டோவிலிருந்து ஜனங்களைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆளில்லாத தீவு, அதற்கும் அப்பால் ஒரு பாறை. தலைநகரில் உட்கார்ந்து வரைகிறவர் கேள்விப்பட்டதைத்தானே வரைவார்? 1690-களில் ஆன் யோங்-போக் என்ற மீனவர் ஜப்பானியரோடு மோதி, விவகாரம் இரண்டு அரசுகள் வரை போய், 1696-இல் ஜப்பானிய ஷோகுன் அரசு தன் ஆட்கள் உல்லுங்டோவுக்குப் போகத் தடை போட்டது. அதன்பிறகு கொரிய அதிகாரிகள் முறைவைத்துப் போய்ப் பார்த்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் சொங் சாங்-கி வரைந்த படத்தில் உசான் கிழக்கே வந்துவிட்டது.

என்னைக் கேட்டால், கொரியா இந்த 1530 படத்தை முன்னால் நீட்டுவதே வீண் வேலை. எதிராளிக்குச் சுலபமான பதிலை நாமே கொடுப்பதுதான். அதைவிட வலுவான காகிதங்கள் அவர்களிடம் இருக்கின்றன. தக்கேஷிமாவும் மற்றொரு தீவும் நமக்குச் சம்பந்தமில்லாதவை என்று ஜப்பானின் உச்ச நிர்வாக அமைப்பே 1877-இல் உத்தரவு போட்டிருக்கிறது. அப்போது அந்தப் பெயர் உல்லுங்டோவுக்கு. மற்றொன்று டோக்டோதான் என்று காட்டக் கூடவே ஒரு படமும் இருக்கிறது. ஆனாலும் 1905 பிப்ரவரியில், ரஷ்யாவோடு போர் நடக்கும்போது, பாறையை ஷிமானே மாவட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதே வருடம் நவம்பரில் கொரியாவின் வெளியுறவு அதிகாரமே பறிபோனது. அதனால்தான் கொரியர்களுக்கு இது 46 ஏக்கர் கணக்கு இல்லை, நாடு பறிபோன கதையின் முதல் பக்கம்.

1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தில் இந்தத் தீவின் பெயரே வராமல் போனது பெரிய வினை. மறுவருடம் கொரிய அதிபர் ரீ கடலில் ஒரு கோடு போட்டு அதை உள்ளே இழுத்துக்கொண்டார். சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 1954 முதல் ஜப்பான் கூப்பிடுகிறது. தகராறே இல்லாதபோது வழக்கு எதற்கு என்று கொரியா மறுக்கிறது. சண்டை மட்டும் எங்கெங்கோ நடக்கிறது. 2018-இல் இரு கொரியத் தலைவர்கள் சந்தித்த விருந்தில், மாம்பழ இனிப்பின் மேல் இருந்த வரைபடத்தில் டோக்டோ இருந்தது என்று ஜப்பான் புகார் கொடுத்தது தெரியுமா!

புர்கினா பாசோ, மாலி எல்லை வழக்கில் 1986-இல் அதே சர்வதேச நீதிமன்றம், வரைபடம் தன்னளவில் உரிமைப் பத்திரம் ஆகாது என்று சொல்லியிருக்கிறது. எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடமும் பட்டாவும் முரண்படும்போது நம் சிவில் கோர்ட்டில் எதை ஏற்பார்கள்? விவரமாக எழுது.

அப்புறம், அக்கா பேத்தி கல்யாணம் தையில், திண்டுக்கல்லில். பத்திரிகை தனியாக வரும். குடும்பத்தோடு வந்துவிடு.

அன்புடன்,
ராமு