மில்லுக்கும் வீட்டுக்கும் இன்டர்நெட் போன்: மச்சானுக்கு ஒரு கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பெரும்போக வேளாண்மை இந்த முறை பரவாயில்லை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு மட்டும் விட்டபாடில்லை. எண்ணெய் தேய்ப்பதும் டொக்டரை ஏசுவதுமாகப் பொழுது போகிறது. வரும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் குடும்பத்தோடு உங்கள் ஊர்த் திருக்கோவிலுக்கு வருவோம், அன்றைக்குச் சாப்பாடு உங்கள் வீட்டில்தான் என்று மாமியிடம் இப்போதே சொல்லி வை.

உன் அரிசி மில்லுக்கும் வீட்டுக்கும் இன்டர்நெட் போன் எடுக்கப் போகிறாய், எது மலிவு என்று கேட்டிருந்தாய். மலிவைப் பிறகு பார்ப்போம். கரண்ட் போனால் அந்தப் போன் என்ன ஆகும் என்று யாரிடமாவது கேட்டாயா?

பழைய செம்புக் கம்பிப் போனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரைத் தூக்கினால் சத்தம் கேட்கும். ஃபைபர் என்கிற கண்ணாடி இழை லைனில் வெளிச்சம்தான் போகும், மின்சாரம் போகாது. ஆகவே சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டர் பெட்டிக்கு உன் வீட்டுக் கரண்ட் வேண்டும். இன்னொன்று, ஃபைபர் எடுத்த வீட்டில் அந்தப் பெட்டியின் பின்னால் குத்தியிருக்கும் லேண்ட் போனும் உள்ளுக்குள் இன்டர்நெட் போன்தான். பேச்சைத் துண்டு துண்டாக்கி நெட்டில்தான் அனுப்புகிறது. நீ புதிதாக ஒன்றைத் தேடுகிறாய், ஒருவேளை அது ஏற்கெனவே உன் வரவேற்பறையில் இருக்கும்.

2022-இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியது உனக்கு மறந்திருக்காது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார்! அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு நிமிடத்துக்கு எத்தனை சதம் என்று மட்டும் கணக்குப் பார்ப்பது சரிவராது. ரவுட்டருக்கென்றே விற்கிற மினி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் அதை ஓட வைக்கிற சின்ன பற்றரிப் பெட்டி, ஒன்று வாங்கு. வாங்கப் போக முதல் உன் ரவுட்டர் அடாப்டரைத் திருப்பி, அதில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போ. பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும், ஆனால் எல்லாம் அப்படி இல்லை. மில்லில் இது இரட்டிப்பு அவசியம். பெரிய மோட்டரைப் போடும்போது லைட் ஒருமுறை மங்கி வருமே, அந்தக் கணத்தில் ரவுட்டர் செத்துப் பிழைக்கும். திரும்ப லைன் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் நெல்லுக்கு விலை கேட்டவன் அடுத்த மில்லுக்கு அடித்திருப்பான்.

நெட் வேகத்தைப் பற்றி விற்பனைக்கு வருகிற பொடியன்மார் பெரிதாகக் கதைப்பார்கள். காதில் வாங்காதே. நல்ல தரத்தில் ஒரு அழைப்புக்கு ஒரு பக்கத்துக்கு விநாடிக்குச் சுமார் 100 கிலோபிட் போதும். ஒரு மணித்தியாலம் கதைத்தால் 80, 90 எம்பி முடியும், அவ்வளவுதான். நல்ல தரத்தில் பார்க்கிற ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அதைவிடக் கூடத் தின்னலாம். முக்கியம், அந்தச் சிறிய வேகம் விட்டு விட்டு வராமல் சீராக வருவது. குரல் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் போக 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் கதைப்பது தெரியாமல் ஓடும். அதற்கு மேலே நன்றாக ஏறினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, ‘நீ சொல்லு, நீ சொல்லு’ என்றே காசு போய்விடும். ஆகவே கையெழுத்துப் போட முதல், பிள்ளைகள் எல்லாம் வீடியோ பார்க்கிற இரவு எட்டு மணி போல ஒருமுறை எடுத்து வடிவாகக் கதைத்துப் பார். காலை பத்து மணிக்கு எல்லா லைனும் நல்ல லைன்தான்.

எங்கள் கடைக்கு முதலில் இந்தப் போனைப் போட்டுத் தந்தவர்களிடம் ஒரு கூத்து நடந்தது. நாங்கள் சொல்வது மற்றவருக்குக் கேட்கும், அவர் சொல்வது எங்களுக்குக் கேட்காது. எங்கள் பெடியன் சீமெந்து விலையைச் சொல்லிவிட்டு, ‘ஹலோ... ஹலோ...’ என்று தொண்டை கிழியக் கத்துவான். போனை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் என் மருமகன் ரவுட்டருக்குள் போய் ‘சிப் ஏஎல்ஜி’ (SIP ALG) என்று இருந்த ஒரு செட்டிங்கை நிறுத்திவிட்டான், உடனே சரியாகிவிட்டது. உனக்கும் அப்படி வந்தால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லு.

உன் மில்லுக்கு ஒரே நம்பரில் மூன்று நான்கு போன் வைக்கலாம் என்று நீ எழுதியது உண்மை. கந்தோரில் ஒன்று, தராசடியில் ஒன்று, உன் கைபேசியில் ஒரு செயலி. யார் எடுத்தாலும் எல்லாம் சேர்ந்து அடிக்கும். அதைச் செய். ஆனால் ‘கணக்குக்கு 1ஐ அழுத்தவும், கொள்வனவுக்கு 2ஐ அழுத்தவும்’ என்கிற பதிவுக் குரலை மட்டும் வைத்துவிடாதே. கோமாரியில் இருந்து ஈரக்கையோடு எடுக்கிற கமக்காரன் அந்தப் பெண் வசனம் முடிக்கும் வரை நிற்கமாட்டான். தராசடியில் மில் சத்தத்துக்கு எந்தப் போனும் கேட்காது, அங்கே காது மூடுகிற ஹெட்செட் வாங்கிக் கொடு.

இந்தப் போனின் கடவுச்சொல்லை எல்லோருக்கும் தெரிகிற நம்பர் பிளேட் மாதிரி வைக்காதே. இந்தப் போன்களை இரவில் உடைத்து நுழைந்து, எங்கோ தூர நாடுகளுக்கு எடுத்துத் தள்ளுகிற கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. பில் உனக்குத்தான் வரும். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லாவிட்டால் அடைத்துவிடச் சொல்லு. தேவையென்றால் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு எல்லை போடச் சொல்லு.

இப்போது வீட்டுக்கு வருவோம். உன் மகன் டொரொண்டோ நம்பரோடு ஒரு பெட்டி அனுப்புகிறேன் என்கிறானாம், அதைக் குத்திவிட்டால் அங்கே உள்ள சொந்தமெல்லாம் உள்ளூர்க் காசில் மாமியோடு கதைக்கலாமாம். கதைக்கலாம், பொய்யில்லை. ஆனால் அது கனடா நம்பர் என்பதை அந்த வீட்டில் யாரும் மறக்கக்கூடாது. டொரொண்டோவில் பகல் இரண்டு மணிக்குக் காப்புறுதி விற்கிறவன் எடுத்தால், கோடையில் இங்கே இரவு பதினொன்றரைக்கு மணி அடிக்கும். அதில் இருந்து உன் மில்லுக்கு எடுத்தாலும் வெளிநாட்டு அழைப்புத்தான். எல்லாவற்றையும் விட, மாமிக்கு நெஞ்சுவலி வந்து அந்தப் போனில் 1990ஐ அழுத்தினால் சுவசெரிய அம்புலன்ஸ் வராது. அந்தப் பெட்டி மகனோடு கதைக்க இருக்கட்டும், வீட்டில் உள்ள 067 லேண்ட் போன் நம்பரைக் கழற்றிவிடாதே. பக்கத்தில் பெரிய எழுத்தில் 1990 என்று எழுதி ஒட்டு. கரண்ட் இல்லாத நேரத்துக்கு, பட்டன் வைத்த சாதாரணக் கைபேசி ஒன்றும் சார்ஜோடு இருக்கட்டும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று அக்கா கேட்டாளாமே. மகனோடு கதைக்க வாட்ஸ்அப் போதும், அவள் சொல்வது சரி. ஆனால் வங்கியின் லேண்ட் போனுக்கு அதில் எடுக்க ஏலாது.

யாரிடம் எடுத்தாலும் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கு: நாளைக்கு நான் உங்களை விட்டுப் போனால் நம்பர் என்னோடு வருமா? ஸ்கைப்பை நம்பி இருந்தவர்களுக்கு 2025 மே மாதத்தோடு அது மூடப்பட்டது தெரியும்தானே. உன் மில் நம்பர் உன் அப்பா காலத்தில் இருந்து நெல்லு மூடையில் அடித்து வருகிற நம்பர், அதை விட்டுப் புது நம்பர் வாங்குவதாக இருந்தால் மாதம் ஐந்நூறு ரூபா மிச்சமானாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மூன்று இடத்தில் விலை கேட்டு, யூபிஎஸ்சையும் சேர்த்துக் கணக்குப் போட்டு எனக்கு அனுப்பு, மருமகனிடமும் காட்டுகிறேன். நெல்லு இப்போது மூடை என்ன விலை போகிறது? மாமியைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் கல்லடி மச்சான்