ஜிவோரைத் தாண்டிப் போய்விடாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் இழுத்தடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் நலம். நீ பிரான்ஸில் லியோன் போகப்போவதாக மணி சொன்னான். உனக்கு எங்கே போனாலும் தேவாலயமும் அரண்மனையும்தான்! இந்தத் தடவை ஒரு நாளாவது தெற்கே ஜிவோருக்குப் போய் வா. ஜியே ஆறு ரோன் நதியில் கலக்கிற சின்னத் தொழில் நகரம்.

ஜியே பள்ளத்தாக்கில் நிலக்கரி கிடைத்தது. அதை இறக்கிக் கொண்டுவர முதலில் கால்வாய் வெட்டினார்கள். 1830-இல் பொறியாளர் மார்க் செகான் போட்ட ரயில் வந்தது. கரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் 1749-லேயே அங்கே கண்ணாடி உலை மூட்டிவிட்டார்கள். கடைசி ஆலை 2003-இல் மூடியது. அதன் புகைபோக்கி இன்னும் நிற்கிறது.

நான் சொல்ல வந்தது அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களைப் பற்றி. மணல், சோடா, சுண்ணாம்புக்கல், உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் ஏறக்குறைய 1,500 டிகிரியில் உருக்குவார்கள். சோடா சேர்க்காவிட்டால் மணல் உருக 1,700 டிகிரி வேண்டும். உருகிய குழம்பு துண்டு துண்டாக வெட்டுப்பட்டு அச்சுக்குள் விழும். அச்சு உலர்ந்திருந்தால் கண்ணாடி ஒட்டிக்கொள்ளும், பாட்டிலில் சுருக்கம் விழும். எண்ணெய் அதிகமானால் பாட்டில் கறுத்துப்போகும். ஆகவே எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பக்கத்தில் நின்று கிராஃபைட் கலந்த எண்ணெயைப் பிரஷால் அச்சில் தடவ வேண்டும். கொதிக்கிற இரும்பில் பட்ட எண்ணெய் அப்படியே புகையாகித் தடவுகிறவர் முகத்தில் அடிக்கும். புற்றுநோய் உண்டாக்கும் ஹைட்ரோகார்பன்கள் அந்தப் புகையில்தான் இருக்கின்றன. போதாததற்கு, சூடு தாங்கப் போட்ட கையுறையில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். பிரான்ஸ் கல்நாரைத் தடை செய்ததே 1997-இல்தான்.

ஆலை மூடிய பிறகு பழைய தொழிலாளிகள் சங்கம் அமைத்தார்கள். யார் எந்தப் பிரிவில் வேலை பார்த்தார், எதைக் கையாண்டார், என்ன நோய் வந்தது என்று கேள்வித்தாள் அனுப்பித் தாங்களே கணக்கெடுத்தார்கள். சேகர், எனக்கு ஆறவே இல்லை. அங்கே தொழில் நோய்க்கு அரசுப் பட்டியல் உண்டு. நோய், செய்த வேலை, வேலையை விட்ட பிறகு நோய் தெரியவந்த கால இடைவெளி மூன்றும் பட்டியலோடு பொருந்தினால் தொழில்தான் காரணம் என்று சட்டமே ஏற்றுக்கொள்ளும். ஒன்று பொருந்தாவிட்டாலும் மருத்துவக் குழு முன் வாதாட வேண்டும். பட்டியலோ ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பார்க்கிறது. எண்ணெய்ப் புகையையும் கல்நாரையும் ஒன்றாகச் சுவாசித்தவர் என்ன செய்வார்?

போனால் அந்தச் சங்கத்தைப் பற்றி ஊரில் விசாரி. உன் பிரெஞ்சு அதற்குத் தாராளமாகப் போதும். கேட்டதையெல்லாம் உடனே எழுது. விமலாவுக்கு என் அன்பு.

உன்,
ராஜா